ஒன் பீஸ் 103-ஆம் தொகுதி படிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியில் ஒன் பீஸ் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், அதில் பாதி 103-ஆம் தொகுதியில் வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். முதல் பாதியில் கதையை உடைக்க மாட்டேன். உடைக்கப்போகிற இடம் வரும்போது சொல்கிறேன், அங்கே நிறுத்திவிட்டுப் புத்தகத்தை முடித்தபின் திரும்பி வாருங்கள்.

இது என்ன கதை? அத்தனை தொகுதி இருக்க 103-ஐ மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள்?

எய்ச்சிரோ ஓடா எழுதி வரையும் மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. ஷூஎய்ஷா நிறுவனத்தின் வீக்லி ஷோனென் ஜம்ப் வார இதழில் 1997 ஜூலை 22 அன்று தொடங்கியது. டெவில் ஃப்ரூட் என்ற விசித்திரப் பழம் ஒன்றைத் தின்று ரப்பர் உடம்பாகிப்போன லூஃபி என்கிற பையன், கோல் டி. ரோஜர் விட்டுப்போன புதையலைத் தேடிக் கடற்கொள்ளையர்களின் ராஜாவாகப் புறப்படுகிறான். அவ்வளவுதான் கதை. அந்த 'அவ்வளவுதான்' நூறு தொகுதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

103 ஜப்பானில் 2022 ஆகஸ்ட் 4 அன்று வெளிவந்தது. தொடருக்கு 25 ஆண்டு நிறைந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, இரண்டு நாள் கழித்து ஃபிலிம் ரெட் படம் ஜப்பானில் திரைக்கு வந்தது, உலகம் முழுக்க 50 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது என்ற அறிவிப்பும் அதே சமயத்தில்தான். கடைசிப் பெரும்பகுதிக்குத் திட்டம் போட ஓடா ஒரு மாதம் விடுப்பு எடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ஆனால் இந்தத் தொகுதி முக்கியமானதற்குக் காரணம் இந்தத் தேதிகள் இல்லை. முதல் தொகுதியின் முதல் அத்தியாயத்தில் வைத்த ஒரு பொருளை எடுத்து 'இது நீங்கள் நினைத்த பொருளே இல்லை' என்று சொல்கிற தொகுதி இது. அதனால்தான் இதை விரும்புகிறவர்களும் திட்டுகிறவர்களும் இத்தனை பேர்.

முந்தைய 102 தொகுதிகளையும் படித்தே ஆகணுமா?

ஆமாம்.

சரி, இப்படி ஒரே சொல்லில் சொன்னால் கோபம் வரும், கணக்காகவே சொல்கிறேன். ஒரு தொகுதி சுமார் 200 பக்கம், ஆக 102 தொகுதி என்றால் இருபதாயிரம் பக்கம். ஆரம்பத் தொகுதிகளை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம், கட்டங்கள் பெரிசு, ஆட்கள் குறைவு. நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் மூன்றரை மாதத்தில் 103-க்கு வந்துவிடுவீர்கள். மூன்றரை மாதம் ஒரு சீரியல் பார்க்கிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

'சுருக்கம் படித்துவிட்டு நேரே 103-க்குப் போகிறேன்' என்று ஒரு நண்பர் முயன்றார். யார் யார், எதற்குச் சண்டை, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு "சிரிக்கிறான், சரி, அதுக்கு என்ன?" என்று கேட்டார். லூஃபி சிரிக்கிறான் என்பதற்கு ஒரு மதிப்பு வேண்டுமென்றால் அவன் அதற்குமுன் எங்கெல்லாம் சிரித்தான், எங்கே சிரிக்க முடியாமல் போனான் என்பது உங்களுக்குள் இருக்கவேண்டும். 59-ஆம் தொகுதியில் அவன் அழுததைப் படிக்காமல் இந்தச் சிரிப்பைப் படித்தால் அது வெறும் படம்.

நான் பாதியில் விட்டவன். எங்கிருந்து மறுபடி தொடங்கலாம்?

இதுதான் அதிகம் வருகிற கேள்வி, விட்ட இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும்.

பெரும்பாலானவர்கள் டிரெஸ்ரோசாவில்தான் கழன்றிருக்கிறார்கள், 70 முதல் 80 வரை இழுத்துக்கொண்டே போகும் பகுதி, நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அங்கே இரண்டு முறை கீழே வைத்திருக்கிறேன். அங்கே விட்டிருந்தால் அங்கேயே தொடருங்கள், அடுத்து வரும் ஸோ தீவுப் பகுதி (80 முதல் 82, ஒரு பெரிய யானையின் முதுகில் இருக்கிற தீவு) சின்னதுதான், ஆனால் அதைத் தாண்டிக் குதித்தால் 103-இல் ஒரு யானை பேசும்போது திருதிருவென்று முழிப்பீர்கள்.

வானோ நாட்டுக் கதைக்குள் வந்தபிறகு விட்டவர்களுக்கு: வானோ 909-ஆம் அத்தியாயத்தில், அதாவது 90-ஆம் தொகுதியில் தொடங்கி 1057-இல், 105-ஆம் தொகுதியில் முடிகிறது. கபுகி நாடகம்போல மூன்று அங்கம், திரை திறப்பு, திரை மூடல், நடுநடுவே கதை சொல்பவரின் குரலோடு நரம்பு வாத்தியத்தை மீட்டுகிற ஒலி என்று கட்டியிருக்கிறார். முழுதும் திரும்பப் படிக்க நேரமில்லை என்றால் மூன்று இடங்களை மட்டுமாவது படியுங்கள். வானோவின் பழைய பிரபு ஓடெனின் கடந்த காலம் வரும் 95, 96. ஹூஸ் ஹூ என்கிற ஆள் லூஃபியின் கூட்டாளி ஜின்பேயோடு சண்டை போட்டுக்கொண்டே சிறைக் கதை ஒன்றைச் சொல்கிற 101. அப்புறம் உடனடி முன்கதைக்கு 102. 101-இல் அந்தச் சிறைக் கதை வரும் 1018-ஆம் அத்தியாயத்தை, சண்டை ஓட்டத்தில் புரட்டித் தள்ளாமல் ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாண்டு இடைவெளிக்கு முன்பே, அதாவது 61-ஆம் தொகுதிக்கு முன்பே விட்டவர்கள் மன்னிக்கவும், முதலிலிருந்து தொடங்குவது நல்லது. மறந்துபோன கதையை நடுவில் பிடிப்பதைவிட அதுதான் சுகம்.

வலமிருந்து இடமா, இடமிருந்து வலமா?

வலமிருந்து இடம். நம் கண்ணுக்குக் கடைசிப் பக்கமாகத் தெரிவது முதல் பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வலது கட்டத்தில் தொடங்கவேண்டும். நூறு தொகுதி தாண்டி வந்தவருக்கு இது தேவையில்லை, ஆனாலும் ஒருவர் கேட்டார்.

எங்கே வாங்குவது, எங்கே படிப்பது?

நான் படிப்பது ஆங்கிலத்தில், விஸ் மீடியா பதிப்பு. தனித்தனித் தொகுதியாகவும் கிடைக்கிறது, மூன்று தொகுதியை ஒன்றாகக் கட்டிய குண்டுப் பதிப்பும் உண்டு, 90 வரைக்கும் நான்கு பெட்டிகளாகவும் வந்திருக்கிறது. ஜப்பானில் வந்த ஒரு தொகுதி ஆங்கிலப் புத்தகமாக நம் கைக்கு வருவதற்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும். திரையில் படிக்க விஸ்ஸின் ஷோனென் ஜம்ப் செயலி இருக்கிறது, சந்தா கட்டினால் பழைய அத்தியாயங்கள் மொத்தமும் உள்ளே. ஷூஎய்ஷாவே 2019-இல் தொடங்கிய மங்கா ப்ளஸ்ஸில் முதல் சில அத்தியாயங்களும் கடைசியாக வந்த அத்தியாயங்களும் இலவசம்.

விஸ் பதிப்பில் ஒரு விஷயம் பழகிக்கொள்ளவேண்டும். லூஃபியின் வாள்வீரன் கூட்டாளி ஸோரோவை 'ஸோலோ' என்றுதான் அச்சடிப்பார்கள். அச்சுப் பிழை இல்லை, தெரிந்தேதான் செய்கிறார்கள். பத்துத் தொகுதியில் கண் பழகிவிடும், வாய் பழகாது.

மலிவாக ஒரு முழு செட் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். நான் ஒருமுறை ஆன்லைனில் பாதி விலைக்குப் பத்துத் தொகுதி வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் கறுப்பு எல்லாம் சாம்பல், நிழலுக்குப் போடும் புள்ளித் திரை முழுக்க அலையலையாக ஓடியது, ஒரு தொகுதியில் பதினாறு பக்கம் இரண்டு முறை, அதற்குப் பதிலாக இருக்கவேண்டிய பதினாறு பக்கம் காணோம். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. யாரோ ஸ்கேன் செய்ததை அப்படியே அச்சுப் போட்டிருக்கிறார்கள் என்பது அதற்கு அப்புறம்தான் உறைத்தது. மற்ற தொகுதிகளிலாவது சகித்துக்கொள்ளலாம், 103-இல் கறுப்புக்கும் வெறும் வெள்ளைத் தாளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. சாம்பல் அச்சில் அதைப் படிப்பது தண்ணீர் கலந்த பாயசம்.

போனில் படித்தால் போதாதா?

போதும், ஆனால் போனை அவ்வப்போது படுக்கைவாட்டில் திருப்புங்கள். ஓடா இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரைகிற இடங்கள் இதில் அதிகம், நிமிர்த்திப் பிடித்தால் அவை இரண்டாக வெட்டுப்பட்டுப்போகும். புத்தகத்திலும் குறை இல்லாமல் இல்லை. பிந்தைய தொகுதிகளில் கட்டங்கள் பொடிப்பொடியாக, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு தலை, ஒலிச் சொற்கள், பேச்சுக் குமிழ்கள் எல்லாம் அடைந்து கிடக்கும், அந்தச் சின்ன அளவுப் புத்தகத்தின் நடு மடிப்புக்குள் யாராவது ஒருவர் எப்போதும் விழுந்து கிடப்பார். என் வழி: முதல் தடவை புத்தகத்தில் ஓட்டம் பார்த்துப் படிப்பேன், புரியாத சண்டையை மட்டும் அப்புறம் டேப்லெட்டில் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

இங்கிருந்து கதை உடையும். 103-ஐ முடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

103-இல் மொத்தத்தில் என்னதான் நடக்கிறது?

1036 முதல் 1046 வரை பதினோரு அத்தியாயம். ஓனிகாஷிமா தீவு வானத்தில் மிதந்துகொண்டு தலைநகரை நோக்கி நகர்கிறது, அதன் உச்சியில் லூஃபியும் வானோவை அடக்கி வைத்திருக்கும் கொள்ளையர் தலைவன் கைடோவும், கீழே மற்ற எல்லோரும். முதல் பாதி பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. லூஃபியின் பக்கம் நிற்கும் கொள்ளையர்களான கிட்டும் லாவும் சேர்ந்து, கைடோவின் கூட்டாளி பிக் மாமைத் தீவிலேயே ஓட்டை போட்டுக் கீழே தள்ளுகிறார்கள். கொமுராசாகி என்ற பெயரில் இத்தனை நாள் இருந்த ஓடெனின் மகள் ஹியோரி, எரிகிற கட்டடத்துக்குள் வானோவின் ஆட்சியாளன் ஒரோச்சிக்கு ஷாமிசென் என்கிற நரம்பு வாத்தியம் வாசித்துக் கணக்கைத் தீர்க்க உட்காருகிறாள். என்னைக் கேட்டால் இந்தத் தொகுதியின் நல்ல காட்சிகளில் இது ஒன்று, எல்லோரும் லூஃபியின் புது வடிவமான கியர் 5 பற்றியே பேசுவதால் இது அடிபட்டுப்போனது.

1042-இல் உலக அரசின் ஒற்றன் ஒருவன் நடுவில் புகுந்து லூஃபியைப் பிடித்துக்கொள்ள, அந்த நொடியில் கைடோவின் அடி விழுகிறது. லூஃபி வீழ்கிறான். இப்படிக் கிடைத்த வெற்றி கைடோவுக்கே கசக்கிறது, ஓடா அவனை வெறும் மிருகமாக விடாமல் வைத்திருப்பது இந்த மாதிரி இடங்களில்தான். 1043-இல் ஓடெனின் மகன் மொமோனோசுகேவுக்கு, ஸோ தீவைச் சுமக்கும் ஸுனேஷா யானையின் குரல் கேட்கிறது: முரசு கேட்கிறது, (பழங்காலத்தில் வாழ்ந்த) ஜாய் பாய் திரும்பிவிட்டான். அந்த முரசு லூஃபியின் இதயத்துடிப்பு. 1044-இல் உலக அரசின் உச்சியில் உட்கார்ந்திருக்கிற ஐந்து முதியவர்கள் நமக்குச் சொல்கிறார்கள்: லூஃபி தின்றது ரப்பர் பழமே இல்லை, மனித-மனிதப் பழம், புராண வகை, நிகா என்னும் சூரியக் கடவுளின் வடிவம். அரசு அதற்கு வேறு பெயர் வைத்து மறைத்திருந்தது, 800 ஆண்டுகளாகத் துரத்தியும் கையில் சிக்கவில்லை. 'விடுதலை வீரன்' என்பது அந்த அத்தியாயத்தின் தலைப்பு, தொகுதியின் தலைப்பும் அதுதான்.

கைடோ இந்தத் தொகுதியில் தோற்க மாட்டான். அது 104-இல். நிறையப் பேர் இதை மாற்றி நினைவு வைத்திருக்கிறார்கள்.

கியர் 5 ஏன் இப்படிக் கோமாளித்தனமாக இருக்கிறது? இவ்வளவு பெரிய சண்டையைக் கெடுத்துவிட்டாரே?

கேட்கிறவர்களின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

78-ஆம் தொகுதியில் வந்த கியர் 4-ஐ நினைத்துப் பாருங்கள். உடம்பு முறுக்கேறி, கறுத்து, முகத்தில் கோடுகள் வந்து, பார்த்தாலே பயம். அந்த வழியிலேயே போனால் கியர் 5 இன்னும் கறுப்பாக, இன்னும் கோபமாக வந்திருக்கவேண்டும், எல்லோரும் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஓடா நேர் எதிர்ப்பக்கம் போனார். முடியில் மை இல்லை, உடையில் மை இல்லை, வெறும் தாளை விட்டுவிட்டார். ஆறேழு தொகுதிகளாக இரவு, தீ, புகை, கறுப்பு என்று அடைத்து வைத்திருந்த பக்கங்களின் நடுவில் திடீரென்று அந்த வெள்ளை வந்து நிற்கும்போது ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கிறது. நான் நல்ல அச்சில் படியுங்கள் என்று மேலே கத்தியது இதற்காகத்தான்.

அப்புறம் அந்த விளையாட்டு. டிராகனாக இருக்கும் கைடோவைப் பிடித்துக் கயிறாக்கி ஸ்கிப்பிங் ஆடுகிறான், விழுங்கினால் வயிற்றுக்குள்ளிருந்தே ஊதிப் பெரிதாகிறான், நிற்கிற தரையே ரப்பராகித் துள்ளுகிறது, பயந்தால் கண் வெளியே பிதுங்கி வருகிறது. பழைய அமெரிக்க கார்ட்டூன் படங்களின் பாஷை இது. இதில் உள்ள குறும்பு என்னவென்றால், லூஃபியின் கேலி விதிகளுக்குள் கைடோவும் மாட்டிக்கொள்கிறான். மிரட்டுவதையே தொழிலாக வைத்திருந்த அந்த முகத்துக்கும் கண் பிதுங்குகிறது. கொடுங்கோலனை அடித்து வீழ்த்துவது எந்தச் சண்டை மங்காவிலும் உண்டு. அவனைப் பார்த்து யாருக்கும் பயம் வராதபடி செய்துவிடுவது இங்கேதான். 1046-இன் கடைசியில் லூஃபி மின்னலைக் கையால் பிடிக்கிறான், முன்பு வானத்தீவில் மின்னல் தன்மேல் ஏறாது என்று கண்டுபிடித்து மின்னல் சக்தி கொண்ட எனேல் முன்னால் நின்றானே, அந்தப் பையன்தான் இவன்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். லூஃபி வீழ்ந்த 1042-இன் கனம் நமக்குள் இறங்குவதற்கே நேரம் இல்லை, வார இதழில் படித்தவர்களுக்கு நடுவில் நாட்கள் இருந்தன, தொகுதியில் படித்தால் முப்பது பக்கத்துக்குள் சிரிப்பு வந்துவிடுகிறது. 1042 முடிந்ததும் புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

பழத்தின் பெயரை மாற்றியது ஏமாற்று வேலை இல்லையா? பாதியில் யோசித்து ஒட்டியதுதானே?

வழக்கை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கலாம்.

ஒட்டுப்போட்டது என்பவர்களின் வாதம்: நிகா என்கிற பெயரே 1018-ஆம் அத்தியாயத்தில்தான் முதன்முதலில் வருகிறது, வெளிப்பாடு 1044-இல். இருபத்தைந்து ஆண்டுக் கதையில் இருபத்தாறு அத்தியாய இடைவெளி என்பது முன்னறிவிப்பே இல்லை, அவசரமாக அடித்த ஆணி. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஹூஸ் ஹூ சொல்லும் சிறைக் கதை, அவசியத்துக்காகச் செருகிய மாதிரிதான் எனக்கும் படுகிறது.

திட்டமிட்டது என்பவர்களின் வாதம்: முதல் அத்தியாயத்திலேயே அந்தப் பழம், சிறுவன் லூஃபியின் ஆதர்சமான கொள்ளையர் தலைவன் ஷாங்க்ஸ் எதிரிக் கப்பலிலிருந்து கைப்பற்றிய பொருள், பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. சாதாரண ரப்பர் பழத்துக்கு எதற்கு அவ்வளவு? ஜாய் பாய் என்ற பெயர் மீன்மனிதர் தீவுக் கதையிலேயே வந்துவிட்டது. ஸுனேஷா ஏதோ பழைய குற்றத்துக்காக நடந்துகொண்டே இருக்கிறது என்பது 82-இல் இருக்கிறது. ரோஜர் கடைசித் தீவில் போய் நின்று ஜாய் பாயை நினைத்துச் சிரித்தது 96-இல் இருக்கிறது. வானத்தீவு விருந்தில் நெருப்பைச் சுற்றி ஆடும் லூஃபியின் நிழல் உருவத்தையும், 1018-இல் வரும் நிகாவின் நிழல் உருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பார்கள். நான் வைத்துப் பார்த்தேன். ஒத்துப்போகத்தான் செய்கிறது, ஆனால் ஆடுகிற எந்த மனிதனின் நிழலும் ஓரளவு அப்படித்தான் இருக்கும்.

என் தீர்ப்பு நடுவில். சிரிப்பு, விடுதலை, முரசு, விருந்து, இவையெல்லாம் தொடக்கத்திலிருந்தே கதையில் ஊறிக் கிடக்கின்றன, அதை யாரும் மறுக்க முடியாது. 'நிகா' என்ற பெயர்ப்பலகை பிறகு மாட்டியதாக இருக்கலாம். வீடு பழையது, பலகை புதுசு. எனக்கு அது உறுத்தவில்லை.

அப்போ லூஃபி கடவுளா? அவன் உழைத்ததெல்லாம் வீணா?

இந்தக் கேள்வி எனக்கும் பல நாள் உறுத்தியது, முந்தைய கேள்வியைவிட இதுதான் கனமானது. சாதாரணமான, கொஞ்சம் முட்டாள்தனமான ஒரு பழத்தை வைத்துக்கொண்டு மூளையாலும் பிடிவாதத்தாலும் முன்னேறிய பையன் என்பதுதான் லூஃபியின் அழகு. கடைசியில் 'இல்லையில்லை, அவனிடம் இருந்தது கடவுள் பழம்' என்றால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

1044-ஐ மறுபடி படித்தபோது முதியவர்கள் சொல்கிற இன்னொரு வரி கண்ணில் பட்டது. அந்தப் பழம் தருவது ரப்பர் உடம்புதான், கற்பனைக்கு எட்டுகிற வரைக்கும் அதை வைத்துச் சண்டை போடலாம், விழித்துக்கொண்டபிறகு அதற்கு இன்னும் சுதந்திரம் கூடுகிறது. அதாவது உள்ளே ஒரு கடவுள் உட்கார்ந்துகொண்டு அவனை ஓட்டவில்லை. என்ன கற்பனை செய்கிறான் என்பது அவன் கையில். இதே பழம் கைடோ கையில் கிடைத்திருந்தால் ஸ்கிப்பிங் கயிறு வந்திருக்குமா? விலங்கு வகைப் பழங்களுக்குச் சொந்தமாக ஒரு மனம் உண்டு என்றும் அதே இடத்தில் வருகிறது, பழம் 800 ஆண்டு ஓடி ஒளிந்து இவனிடம் வந்து சேர்ந்ததாக நினைத்தால் விதி பெரிதாகிவிடும், இவன் இப்படிப்பட்டவன் என்பதால் அது விழித்தது என்று நினைத்தால் லூஃபி பெரிதாகிறான். ஓடா இரண்டுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நான் இரண்டாவது கதவால் போகிறேன், முழுச் சமாதானம் என்று சொல்ல மாட்டேன்.

இத்தனை பேரை எப்படி நினைவில் வைப்பது?

வைக்கவேண்டாம். ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் ஆட்களின் முகமும் பெயரும் போட்ட பட்டியலும் கதைச் சுருக்கமும் இருக்கும், எல்லோரும் தாண்டிவிடுகிற பக்கம் அது, 103-இல் தாண்டாதீர்கள். அதிலும் இல்லாத ஒருவர் இரண்டு கட்டத்தில் வந்து கத்தியைச் சுழற்றினால் விட்டுவிடுங்கள். வானோவின் பெரிய பலவீனம் இதுதான், ஐந்து நிமிடம் வரவேண்டிய ஆளுக்கும் ஒரு பெயர், ஒரு சபதம், ஒரு சாவு (பல சமயம் அந்தச் சாவும் உண்மையில்லை). நீங்கள் கவனிக்கவேண்டியது மொமோனோசுகே, ஹியோரி, கிட், லா, ரைஸோ, அவ்வளவுதான். ரைஸோவைச் சிரிப்பு ஆள் என்று ஒதுக்கியிருந்தால் கடைசி அத்தியாயத்தில், ஸோவில் யானை மேல் கொட்டிய தண்ணீரைச் சுருளில் பிடித்து வைத்திருந்த வேலை இப்போது தீயை அணைக்க எதற்கு உதவுகிறது என்று பார்த்து வாயடைத்துப் போவீர்கள்.

அத்தியாயங்களின் நடுவில் கேள்வி பதில் பக்கம் வருகிறதே, அது என்ன? லூஃபியின் சமையல்காரன் சஞ்சியின் அண்ணன் தம்பிகள் வேறு எங்கேயோ சுற்றுகிறார்களே?

கேள்வி பதில் பக்கம் எஸ்.பி.எஸ்., நான்காம் தொகுதியிலிருந்து வருகிறது, வாசகர் கடிதங்களுக்கு ஓடா பாதி கேலியும் பாதி உண்மையுமாகப் பதில் சொல்கிற இடம். செயலியில் அத்தியாயம் அத்தியாயமாகப் படிப்பவர்களுக்கு இது கிடைக்காது, தொகுதியாக வாங்குவதற்கு எனக்கு இதுவே ஒரு காரணம்.

இன்னொன்று, அத்தியாய முகப்புப் பக்கங்களில் ஒரு படம் ஒரு படமாக ஓடும் துணைக்கதை. 103-இல் ஓடுவது ஜெர்மா 66 கதை, அதாவது சஞ்சியின் குடும்பப் படையின் கதை, 1035-இல் தொடங்கியது. அலங்காரம் என்று புரட்டாதீர்கள், எக்ஹெட் தீவுக் கதை தொடங்கும்போது அதன் தொடர்பு தெரியும்.

அனிமே பார்த்துவிட்டேன். அப்படியும் படிக்கணுமா?

டோயெய் அனிமேயில் கியர் 5 வந்த 1071-ஆம் பாகம் 2023 ஆகஸ்ட் 6 அன்று வந்தது, பிரமாதமான வேலை, முரசு காதில் கேட்பது புத்தகத்தில் கிடைக்காத சந்தோஷம். ஆனால் அனிமேயில் நிறம், ஒளி, மின்னல் எல்லாம் சேர்ந்து பொங்குகிறது, மங்காவில் எல்லாம் வடிந்துபோய் வெறும் வெள்ளை நிற்கிறது. இரண்டும் வேறு வேறு உணர்ச்சி. முதலில் எது என்று கேட்டால் புத்தகம் என்பேன். பார்த்துவிட்டீர்கள் என்றாலும் 1041 முதல் 1044 வரையாவது படியுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பத்து வயதுப் பையனுக்குக் கொடுக்கலாமா?

விஸ் பதிப்பு பதின்வயதினருக்கு என்று போட்டிருக்கிறது. அடிதடி, ரத்தம், ஒரோச்சியின் ஆபாசப் பேச்சு எல்லாம் உண்டு. முதல் இருபது தொகுதிகளைக் கொடுங்கள், 103-க்கு வருவதற்குள் அவனே வளர்ந்துவிடுவான்.

103 முடித்ததும் உடனே 104-ஐ எடுக்கலாமா?

எடுக்கலாம், சண்டை நடுவில்தான் நிற்கிறது, தாங்காது. ஆனால் நான் செய்தது வேறு. முதல் தொகுதியை எடுத்து முதல் அத்தியாயத்தை மட்டும் படித்தேன். மதுக்கடையில் ஷாங்க்ஸின் ஆட்கள் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் பெட்டி திறந்து கிடக்கிறது, கோபத்தில் இருக்கிற ஏழு வயசு லூஃபி கைக்குக் கிடைத்த பழத்தைத் தின்பண்டம் என்று நினைத்து மென்றுகொண்டிருக்கிறான். ஷாங்க்ஸ் பெட்டியைப் பார்த்துவிட்டுத் துப்பு துப்பு என்று அவனைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குகிறார். முன்பு இந்தப் பக்கத்தில் லூஃபியின் கால் நீள்வதைத்தான் பார்த்தேன். இந்த முறை ஷாங்க்ஸின் முகத்தைப் பார்த்தேன். நீங்களும் பார்த்துவிட்டு 104-ஐ எடுங்கள், இருபது நிமிடத்துக்குமேல் ஆகாது.